பன்னிரண்டாவது குழை

ஆட்கள் சரியாக இருந்தார்கள். உதயரூபன் மூன்றாம் தரமும் எண்ணிப் பார்த்துவிட்டான். மட்டக்களப்பிலிருந்து வந்த ஆசிரியர்கள் பத்துப் பேரும் வேனைச் சுற்றி நின்று, காற்சட்டையிலும் சேலைக் கரையிலும் ஒட்டியிருந்த நாயுருவிக் காய்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தன்னோடு சேர்த்துப் பதினொன்று. காலையில் மலைக்குப் போனவர்களும் பதினொரு பேர்தான்.

ஆனால் வீரை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு இலைக் குழை மிச்சமாகத் தொங்கியது.

வெள்ளைக்கல் மலைக்காட்டுக்குள் போகிறவர் எவரும் அந்த மரத்தடியில் நின்று, கைக்கெட்டிய செடியில் ஒரு சின்னக் குழையை முறித்து, கிளையில் செருகிவிட்டுத்தான் போவார்கள். காட்டுக் காவல் சாமிக்கு அது. திரும்பி வரும்போது தான் செருகியதைத் தானே எடுத்துக் கீழே போடவேண்டும். மாட்டுப்பட்டிக்காரரும் தேன் எடுப்பவர்களும் காலங்காலமாகச் செய்வது. சாமிக்கு என்று சொன்னாலும் மனிதருக்கும் அது உதவியது. கிளையில் குழை இருந்தால் காட்டுக்குள் ஆள் இருக்கிறது. கிளை வெறுமையாக இருந்தால் உள்ளே ஒருவரும் இல்லை, தேடத் தேவையில்லை.

“ஆராவது தன்ர குழைய எடுக்க மறந்தீங்களா?” என்று கேட்டான்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் மறக்கவில்லை.

“தம்பி, விடுங்க. காத்துக்கு வந்து விழுந்திருக்கும்,” என்றார் திவாகரன் சேர். பயணத்தை ஒழுங்குசெய்தவர் அவர்தான். காலையிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே மலை ஏறி, பார்த்தபடியே இறங்கியவர்.

“காத்து வந்து குழைய முறிச்சு, கிளையில செருகிட்டும் போகுமா சேர்?”

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். திவாகரன் சேருக்குப் பிடிக்கவில்லை. “சரி, ஆருடையவோ இருக்கட்டும். நாங்க எல்லாரும் நிக்கிறம்தானே? அதை எடுத்துப் போட்டுட்டு ஏறுங்க. சைக்கிளையும் மேல போட்டு, சித்தாண்டிச் சந்தியில இறக்கிவிடுறம். அஞ்சரை ஆகுது.”

உதயரூபன் கிளையைத் தொடவில்லை. நாங்கள் போன பிறகு வேறு யாரும் உள்ளே போயிருந்தால்? போன மாதம் இரண்டு பேர் பாதை காட்ட ஆள் இல்லாமலே ஏறி, இரண்டாம் குன்றில் வழி தவறி நின்றார்கள். அவன் மரத்தடிக்கு எதிரே இருந்த தேநீர்க்கடைப் பக்கம் திரும்பினான். தகரக் கூரைக்குக் கீழே, வாங்குப் பலகையில், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வினாயகமூர்த்தி இருந்தார். வலது கால் முழங்காலுக்கு மேல் இல்லை. காலையிலிருந்து மாலை வரை அந்த வாங்கைவிட்டு அசையாத மனிதர்.

“அண்ணன், எங்களுக்குப் புறகு ஆரும் உள்ளுக்குப் போனவங்களா?”

வினாயகமூர்த்தி தேநீர்க் கேத்திலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “எனக்கென்ன தெரியும் மனே. கண்ணசந்திட்டன்.”

வேறு எவர் கண்ணுக்கு முன்னால் வேண்டுமானாலும் அந்தக் குழையை எடுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறியிருக்கலாம். இந்த மனிதரின் கண்ணுக்கு முன்னால் முடியாது.

சித்தாண்டியில் பிறந்தவன் உதயரூபன். பதினான்கு வயதில் வினாயகமூர்த்தியின் பட்டிக்கு மாடு பார்க்கப் போனான். வயல் விதைத்திருக்கும் காலத்தில் ஊர் மாடுகளுக்குக் காடுதான் வீடு. அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் அடிவாரத்தில் பட்டி. மழை தின்று தின்று உள்ளே கோறையாகிப்போன வெள்ளைக் கல். மேலே புல் மூடியிருக்கும், கீழே ஆள் ஆழத்துக்குக் கிடங்குக் குழி இருக்கும். எந்தப் புல்லுக்குக் கீழே கல், எந்தப் புல்லுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது மாடுகளுக்குத் தெரியும். மாடு நடந்த தடத்தில் நடந்தே அவனுக்கும் அது தெரியவந்தது.

கல்யாணம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் நாவலடியில். பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் அங்கே வழக்கம். காட்டுக்காரன் வாவிக் கரைக்குப் போனான், வீச்சுவலை எறியப் பழகினான், ஒரு மகளுக்குத் தகப்பனானான். மகள் பெயர் விதுர்ஷா. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி மாதம் கன்றுகளுக்குக் குறி சுட ஆள் காணாது என்று வினாயகமூர்த்தி சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் வேலை. மனைவியிடம் தயிர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டாம் நாள் பின்னேரம் மரத்தடிக்கு வந்து, தன் குழையை எடுத்துப் போட்டு, தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஏறியபோதுதான் காலையில் கடல் வந்துபோன சேதி அவனுக்குத் தெரிந்தது. நாவலடியில் வீடு இருந்த இடம்கூட மிஞ்சவில்லை. ஆறு நாள் தேடினான். ஏழாம் நாள் வினாயகமூர்த்தி வந்து, கையைப் பிடித்துப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சோறு போட்டார். இரண்டு வருடம் அவன் அந்தக் காட்டைவிட்டு வெளியே போகவேயில்லை.

காட்டைவிட்டு அவனை வெளியே விரட்டியது பீரங்கிச் செல். இரண்டாயிரத்து ஏழு, பங்குனி மாதம். பட்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். குன்றுக்கு அப்பால் விழுந்துகொண்டிருந்த செல் குன்றுக்கு இப்பால் விழத் தொடங்கியதும் பட்டியைத் திறந்து மாடுகளைக் கலைத்துவிட்டு ஓடினார்கள். கடைசியாக மரத்தடிக்கு வந்தவன் உதயரூபன். தன் குழையை எடுத்தான். கிளையில் ஒரு நாவல் குழை நின்றது. வினாயகமூர்த்தி எப்போதும் நாவலைத்தான் முறிப்பார்.

“அவர் ஆத்துப் பக்கத்தால போயிருப்பார், வாடா!” என்று முன்னால் ஓடியவர்கள் கத்தினார்கள்.

அவன் நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வயல் வட்டைக்குள் ஒரு செல் விழுந்து சேறும் புகையுமாக எழும்பியது. அவன் கை தானாகப் போய் அந்த நாவல் குழையையும் பிடுங்கிப் போட்டது. ஏன் போட்டது என்று இன்றுவரை அவனுக்குச் சொல்லத் தெரியாது. அது கிளையில் நின்றால் தான் போகமுடியாது என்று அவன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வினாயகமூர்த்தி ஆற்றுப் பக்கத்தால் போகவில்லை. கன்றீன்ற பசுவொன்றைத் தேடித் திரும்பிப் போய், கால் வைக்கக் கூடாத புல்லில் கால் வைத்து, இரண்டாம் குன்றின் கிடங்குக்குள் விழுந்து கிடந்தார். அடுத்த நாள் அவருடைய தம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடிவரை வந்து பார்த்தான். கிளை வெறுமையாக இருந்தது. அண்ணன் வெளியே வந்துவிட்டார், எந்த முகாமிலோ இருப்பார் என்று நினைத்துத் திரும்பிவிட்டான். நாலாம் நாள் தேன் எடுக்கும் இருவருக்கு முனகல் கேட்டது. ஆளைத் தூக்கினார்கள். காலை வெட்டவேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வினாயகமூர்த்தி அவனிடம் கேட்டது ஒன்றுதான். “மாடு எத்தின மிஞ்சிச்சு?” குழையைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்து முடித்து, மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்று ஊர்ச் சங்கம் தீர்மானித்தபோது பாதை வெட்டியவன் அவன். கல்லுக்குக் கல் மஞ்சள் கோடு போட்டவன் அவன். மரத்தடியில் வினாயகமூர்த்திக்கு அந்தக் கடையைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். தினமும் விடியலில் ஆற்றிலிருந்து இரண்டு கலன் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். “வெச்சிட்டுப் போ,” என்பார் அவர். இப்படியே ஐந்து வருடம்.

இப்போது அவர் கேத்திலைத் துடைத்து முடித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“நான் போய்ப் பாத்துட்டு வாறன்,” என்றான் உதயரூபன்.

“உங்களுக்கென்ன விசரா?” என்றார் திவாகரன் சேர். “ஆனை நடமாடுற நேரம் எண்டு நீங்கதானே மத்தியானம் சொன்னீங்க?”

“அண்ணா, வேணாம்,” என்றாள் தனுஷியா. கணக்குப் படிப்பிக்கும் இளம் ஆசிரியை. பக்கத்தில் நின்ற கைறுன்னிஸாவின் கையைப் பிடித்திருந்தாள். கைறுன்னிஸா ஏறாவூர்க்காரி, மலை ஏறும்போதும் இருவரும் ஒட்டிக்கொண்டே வந்தவர்கள்.

உதயரூபன் டோர்ச்சை எடுத்தான். மறக்காமல் ஒரு பாலைக் குழையை முறித்து, அந்தப் பெயர் தெரியாத குழைக்குப் பக்கத்தில் செருகினான். காட்டுக்குள் போனான்.

முதற்குன்று வரைக்கும் வெளிச்சம் இருந்தது. வயல் பார்க்கிற கல்லில் ஏறி நின்று கூப்பிட்டான். “ஆரது உள்ளுக்க? சத்தம் தாங்க!” குன்று அவன் சத்தத்தையே திருப்பித் தந்தது. வேறு சத்தம் இல்லை. தரையைப் பார்த்தபடி நடந்தான். காலையில் போன சப்பாத்துத் தடங்கள், பின்னேரம் வந்த தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று. தனித்த தடம் ஒன்றையும் காணவில்லை. ஆனால் கல்லில் நடப்பவனுக்குத் தடம் ஏது?

இரண்டாம் குன்றுக்கு முன்னால் ஒரு கேணி. ஆவணி மாத வெயிலில் சுற்றுவட்டாரத்தில் வற்றாமல் இருப்பது அது ஒன்றுதான். கேணிக்கு இருபது அடி இருக்கும்போதே அவனுக்கு மணம் வந்துவிட்டது. சாணமும் சேறும் கலந்த சூடான மணம். டோர்ச்சை அணைத்தான். வெள்ளைக் கல்லோடு முதுகை ஒட்டி நின்றான்.

முதலில் காது அடிக்கும் சத்தம். பிறகு தண்ணீர் உறிஞ்சும் சத்தம். கல்லின் மறுபக்கத்தில் ஒற்றை யானை. கூட்டத்தோடு வருவது என்றால் அதன்பாட்டுக்குப் போகும். ஒற்றைக்கு ஒரு நியாயமும் இல்லை. காற்று அவன் முகத்தில் பட்டது. காற்று இந்தப் பக்கமாக வீசும்வரை தப்பினான். அது திரும்பினால்? அவன் மூச்சை அரை அரையாக விட்டான். கழுத்தில் ஒரு எறும்பு ஏறிக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டான்.

கைத்தொலைபேசி ஞாபகம் வந்தது. சட்டைப் பையில், சத்தம் கூட்டி வைத்தபடி. இந்த இடத்தில் சிக்னல் வராது என்று தெரியும். தெரிந்தும் விரலால் துழாவி அதன் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் குறைத்தான்.

யானை குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்ததோ, மரங்களுக்கிடையில் கிடந்த கடைசி வெளிச்சமும் அதோடு போய்விட்டது. கிளைகள் முறியும் சத்தம் வடக்கே நகர்ந்தது. அவன் அசைந்தபோது வியர்த்த சட்டை கல்லில் ஒட்டிப் பிரிந்து வந்தது.

திரும்பியிருக்கலாம். ஆனால் கிடங்கு இன்னும் பார்க்கவில்லை. வினாயகமூர்த்தி விழுந்த கிடங்கைச் சுற்றிப் பாதை வெட்டும்போதே மரவேலி கட்டியிருந்தான். வேலி அப்படியே நின்றது. இருந்தும் அவன் வேலிக்கு மேலால் குனிந்து டோர்ச்சை உள்ளே அடித்தான். வெள்ளைச் சுவர், பன்னக் கொடி, அடியில் காய்ந்த சருகு. ஐந்து வருடத்தில் இன்றுதான் அவன் இதற்குள் எட்டிப் பார்க்கிறான். நாலு நாள் ஒரு மனிதன் அந்தச் சருகில் கிடந்தான் என்று நினைத்ததும் கால் கூசியது. “ஆரும் இரிக்கீங்களா?” என்று கிடங்குக்குள் கேட்டான். கேட்டுவிட்டுப் பதில் வராதபோதும் கொஞ்ச நேரம் நின்றான்.

உச்சியில் பாய்க்கல். பாய் விரித்ததுபோலத் தட்டையான பாறை. பட்டணத்து ஆட்கள் இதற்காகத்தான் வருவார்கள். கிழக்கே வட்டைகள், வாவி, அதற்கும் அப்பால் கோடாகக் கடல். ஆட்களுக்கு அதைக் காட்டும்போது உதயரூபன் எப்போதும் மேற்கைப் பார்த்து நிற்பான். இன்று பாறையில் ஏறியதும் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்தான், விட்டு விட்டுக் கேட்டது. கிழக்கு விளிம்புக்குப் போனால்தான் சிக்னல் பிடிக்கும். போனான்.

“தம்பி, நான் திவாகரன். வேன் கூரையில ஏறி நிண்டு கதைக்கிறன். இறங்கி வாங்க. காட்டுக்குள்ள ஒருத்தரும் இல்ல.”

“அது எப்படி சேர் தெரியும்?”

“தெரியும், வாங்க.”

அவனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் கத்தினார்கள். அவர் ஆற்றுப் பக்கத்தால் போயிருப்பார், வாடா. “குழை ஆருடையதெண்டு சொல்லுங்க சேர். சொல்லாம நான் இறங்க மாட்டன்.”

கூரைமேல் ஏதோ தடுமாறும் சத்தம், பிறகு கைறுன்னிஸாவின் குரல். அழுதிருந்தாள். “அண்ணா, அது எனக்காக வெச்சது அண்ணா. காலையில நீங்க குழை வெக்கச் சொன்ன நேரம் எனக்கு ஒரு மாதிரியா இரிந்திச்சு. எங்கட மார்க்கத்தில அப்படி வெக்கிறல்ல. நான் பின்னுக்கு நிண்டன். தனுஷியா டீச்சர் அதைக் கண்டிட்டு, எனக்குச் சொல்லாம, எனக்கும் சேத்து ஒண்டு வெச்சிட்டா. எனக்கு ஒண்டும் நடந்திடக்கூடா எண்டு. எனக்கு அது தெரியா. எல்லாரும் போன புறகு நான் யோசிச்சன், நான் வெக்காட்டி உங்கட எண்ணிக்கை பிழைச்சிரும், நீங்களும் மனம் நோவீங்க எண்டு. பிஸ்மி சொல்லி நானும் ஒண்டு வெச்சன். பின்னேரம் என்ட குழைய நான் எடுத்தன். தான் வெச்சத நான் கண்டு அதத்தான் எடுத்தன் எண்டு அவ நினைச்சிட்டா.”

உதயரூபன் கிழக்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தூரத்தில் பட்டணத்து வெளிச்சங்கள் வாவியில் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கும் அப்பால் ஒன்றுமில்லாத கறுப்பு. நாவலடி அந்த வெளிச்சம் முடிகிற இடத்தில் இருக்கும்.

“சரி புள்ள, அழாதீங்க,” என்றான். “வாறன். கேணிப் பக்கம் ஆனை நிக்குது, சுத்தித்தான் வரவேணும். பிந்தும்.”

பிந்தியது. தெற்குச் சரிவில் பாதை இல்லை. பழைய மாட்டுத்தடத்தைப் பாதங்களால் தேடித் தேடி இறங்கினான். ஒருமுறை புல் காலுக்குக் கீழே தொய்ந்தது. அப்படியே மல்லாந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து, கையால் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பினான். மரத்தடி விளக்கைக் கண்டதும் டோர்ச்சை அணைத்தான்.

கைறுன்னிஸா முன்னால் வந்தாள். அவள் கையில் வாடிய குழை இருந்தது. “எடுத்திட்டன் அண்ணா. மன்னிச்சிருங்க.” தனுஷியா அவள் பின்னால் நின்று மூக்கைத் துடைத்தாள்.

“ரெண்டு காவலோட மலை ஏறின ஆள் நீங்க மட்டும்தான்,” என்றான் உதயரூபன். எல்லோரும் தேவைக்கு மேலாகவே சிரித்தார்கள்.

கைறுன்னிஸாவும் சிரித்துவிட்டுக் கடைப் பக்கம் திரும்பினாள். “நான் வெக்கக்க இந்த ஐயா பாத்துக்கொண்டு இரிந்தவர். தனுஷியா டீச்சர் ரெண்டு செருகினதையும் கண்டிருப்பார். முதல்லயே இவருக்கிட்ட வடிவாக் கேட்டிருந்தா இவ்வளவு கரைச்சல் இல்ல.”

வாங்கில் இருந்தவர் கேத்திலுக்குத் தண்ணீர் ஊற்றினார். உதயரூபன் வேன் போகும்வரை பொறுத்திருந்தான். அதன் சிவப்பு வெளிச்சம் வட்டைக்கு நடுவே போய் மறைந்தது.

“தண்ணி கொதிக்குது,” என்றார் வினாயகமூர்த்தி. “தேத்தண்ணி குடி.”

“உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கு.”

“ஓம்.”

“நான் கேட்டன். கண்ணசந்திட்டன் எண்டீங்க.”

“ஓம்.”

“கேணியடியில ஆனை அண்ணன்! கல்லுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்!”

“ஆனை வாற நேரம் எண்டு எனக்குத் தெரியாதா மனே?” அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “போவியோ, எடுத்துப் போட்டுட்டு வேனில ஏறுவியோ எண்டு பாக்கவேணும் போல இரிந்திச்சு. அஞ்சு வரிசமாப் பாக்கவேணும் போல இரிந்திச்சு.”

உதயரூபனுக்கு அந்தக் கேத்திலைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. கை நீளவும் செய்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டான்.

“அண்டைக்கு உங்கட குழைய நான்தான் எடுத்தன்.”

“கடைசியா வந்தவன் நீ. வேற ஆரு எடுக்கிற?”

கொதித்த தண்ணீர் கேத்தில் மூடியைத் தட்டிக்கொண்டேயிருந்தது. வினாயகமூர்த்தி தேநீர் ஊற்றினார், அவன் குடிக்கவில்லை. எழும்பினான். நாளைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினான்.

“உன்ட குழை இன்னும் நிக்குது,” என்றார் அவர்.

மறந்தே போயிருந்தான். மரத்தடிக்குப் போய் டோர்ச்சை அடித்தான். கிளையில் அவன் செருகிய பாலைக் குழை நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாவல்.

அவன் டோர்ச்சைக் கீழே இறக்கினான். மணலில் ஒரு பாதம், ஒரு குழி, ஒரு பாதம், ஒரு குழி. தடம் முதலாம் மஞ்சள் கோட்டையும் தாண்டிப் போயிருந்தது. பிறகு அங்கே பல சப்பாத்துக்கள் கலைத்த மண்.

“இருட்டாயிட்டு, உன்னக் காணல்ல,” என்றார் பின்னாலிருந்து வினாயகமூர்த்தி. “கொஞ்சத் தூரம் வந்தன். அதுக்குள்ள உன்ட சேர்மார் வந்து ஆட்டுக்குட்டியத் தூக்கின மாதிரித் தூக்கிக்கொண்டு வந்திட்டாங்க. அந்தச் சத்தத்திலதான் அந்தப் புள்ளைகளும் குழைக் கதையக் கதைச்சு விளங்கிக்கிட்ட.”

உதயரூபன் தன் பாலைக் குழையை எடுத்துக் கீழே போட்டான். நாவல் குழையைத் தொடவில்லை.

“அதையும் எடன் மனே.”

“நான் எடுக்க மாட்டன். நீங்க வந்து எடுங்க.”

வாங்கு கிறீச்சிட்டது. ஊன்றுகோல் மணலில் குத்தும் சத்தம் மெதுவாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வினாயகமூர்த்தி மரத்தடியில் நின்று கையை நீட்டினார். ஊன்றுகோலில் சாய்ந்தபடி எட்டவில்லை. வைக்கும்போது எப்படி எட்டினாரோ தெரியாது.

உதயரூபன் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து, அவருடைய கைக்குக் கிட்டே வரும்வரை வளைத்துப் பிடித்தபடி நின்றான்.